கேப்டன் பட்டை

ஆஸ்டின் டவுன் மைதானத்துக்கு வெளியே, டீக்கடையில் பையன்கள் ஒரே போனைச் சுற்றி நின்றார்கள். ஏதோ ஒரு கால்பந்து கேப்டனைப் பாதி ஆட்டத்தில் வெளியே எடுக்கிறார்கள். அணியின் பயிற்சியாளரான மேனேஜர் பக்கம் திரும்பாமல் நடக்கிறான். அவ்வளவுதான் வீடியோ.

"முடிஞ்சுது மச்சா, ரெண்டு பேருக்கும் ஆகல" என்றான் ஒருவன்.

நான் இன்னொன்றைப் பார்த்தேன். வெளியே போகுமுன் அவன் கையில் கட்டியிருந்த கேப்டன் பட்டையைக் கழற்றி, இன்னொருவன் கையில் தானே மாட்டி, இழுத்துச் சரிசெய்கிறான். கோபத்திலும் அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறான்.

அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

2022 கத்தார் உலகக் கோப்பையில், சுவிட்சர்லாந்துக்கு எதிராக போர்ச்சுகல் கேப்டன் ரொனால்டோவை பெஞ்சில் உட்கார வைத்தார் மேனேஜர் ஃபெர்னாண்டோ சாண்டோஸ். போர்ச்சுகல் 6-1 என்று ஜெயித்தது. அணியை விட்டுப் போகிறேன் என ரொனால்டோ மிரட்டியதாகச் செய்தி கிளம்பியது. அந்நாட்டுக் கால்பந்துச் சங்கமே அதை மறுத்தது.

எல்லாமே வதந்தி என்றும் சொல்ல மாட்டேன். 2002இல் அயர்லாந்து கேப்டன் ராய் கீன், அணி பயிற்சிக்காகத் தங்கியிருந்த சைபன் தீவில் மேனேஜர் மிக் மெக்கார்த்தியோடு மோதி, உலகக் கோப்பை தொடங்குமுன்பே வீடு திரும்பினார். பயிற்சி மைதானம் கல்லாய்க் கிடக்கிறது, ஏற்பாடு சரியில்லை என்பது அவர் புகார். பிறகு சங்கம் கேட்டு வாங்கிய ஆய்வறிக்கையும் ஏற்பாடுகளில் குறை இருந்ததாகத்தான் சொன்னது.

என்னைக் கேட்டால், கேப்டன் சண்டை போடலாம். கூட ஆடுபவர்களுக்காகப் போட்டே ஆக வேண்டிய நாளும் உண்டு. கீன் கொஞ்சம் நிதானமாகப் பேசியிருக்கலாம், சரி. ஆனாலும் அந்த விஷயத்தில் நான் இன்றும் அவர் பக்கம்தான்.