முதல் அடியின் கனம்

தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிதாரைக் கற்கத் தொடங்கிய நாட்களில் எனக்கு ஃபங்க் என்றால், அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே 1960களில் உருவான தாள இசை என்றால், கட்டைவிரல்தான். கம்பியைக் கட்டைவிரலால் அறைந்து, அடுத்த விரலால் சுண்டி இழுக்கும் 'ஸ்லாப்' முறை படிந்துவிட்டால் அந்த இசை முழுவதும் வசமாகிவிடும் என்று நம்பினேன். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் என்ற ராக் குழுவின் பேஸ் கலைஞர் ஃப்ளீயைக் கேட்டுப் பேஸ் கிதாரை எடுத்த பலரும் அப்படி நம்பியிருக்கக்கூடும். பல ஆண்டுகள் வாசித்த பிறகு வேறு விதமாகத் தோன்றுகிறது: ராக் குழுக்கள் ஃபங்க்கிடமிருந்து பெற்றவற்றுள் நிலைத்து நிற்பது அந்த ஓசையன்று, எங்கே வாசிக்காமல் இருக்க வேண்டும் என்ற தெளிவே.

ராக் இசையில் தாளச் சுற்றின் நான்கு அடிகளுள் இரண்டாவதும் நான்காவதும் ஸ்னேர் என்னும் கூர்மையாக ஒலிக்கும் டிரம்மால் ஓங்கி ஒலிக்கும். ஃபங்க்கின் முன்னோடியான பாடகர் ஜேம்ஸ் பிரவுன் 1960களின் நடுவில் அந்தக் கனத்தை முதல் அடிக்கு மாற்றினார். 1967இல் வெளிவந்த 'கோல்டு ஸ்வெட்' பாடலில் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்களின் தொகுதி) மாற்றங்கள் மிகக் குறைவு. கிதார், ஊதுகருவிகள், பேஸ் எல்லாமே தாளக் கருவிகளாகிவிட்டன. ஒவ்வொருவரும் ஒரு சிறு துணுக்கை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். ஒருவர் விடும் இடைவெளியில்தான் மற்றவருடைய ஒலி வந்து அமர்கிறது. முதல் அடியில் எல்லோரும் சேர்ந்து இறங்குவதால், மற்ற மூன்று அடிகளிலும் யாரும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை.

ஸ்லாப் முறைகூட அலங்காரமாகப் பிறந்ததன்று. பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் தம் தாயாருடன் வாசித்துவந்த குழுவில் டிரம்ஸ் கலைஞர் இல்லாமல்போனபோது, பெரிய டிரம்முக்குப் பதிலாகக் கட்டைவிரல் அறையையும் ஸ்னேருக்குப் பதிலாகக் கம்பிச் சுண்டலையும் கையாண்டார். பின்னர் ஸ்லை அண்டு தி ஃபேமிலி ஸ்டோன் குழுவின் வழியாக அது உலகெங்கும் பரவியது. இல்லாத ஒரு கருவியின் இடத்தை நிரப்ப வந்த முறையை, டிரம்ஸ் இடிபோல முழங்கும் மேடையில் நானும் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தேன் என்பது இந்தக் கதையை அறிந்த பிறகுதான் புரிந்தது.

சில்லி பெப்பர்ஸின் வளர்ச்சியிலேயே இந்தப் பாடம் தெரிகிறது. 1985இல் அவர்களுடைய இரண்டாவது தொகுப்பைத் தயாரித்தவர் ஃபங்க்கடெலிக் குழுவின் ஜார்ஜ் கிளின்டன். ஜேம்ஸ் பிரவுனிடம் வாசித்த மேசியோ பார்க்கரும் ஃப்ரெட் வெஸ்லியும் அதில் ஊதியிருக்கிறார்கள். ஆனால் 1991இல் வந்த 'பிளட் சுகர் செக்ஸ் மேஜிக்' தொகுப்பில் ஃப்ளீ ஸ்லாப்பை வெகுவாகக் குறைத்துக்கொண்டார். என் காதுக்கு அதுவே அவர்களுடைய ஃபங்க் மிகுந்த தொகுப்பு.

இதற்கு முன்பே வேறு சில ராக் குழுக்கள் இந்தத் தெளிவைச் சென்றடைந்திருந்தன. 1979இல் கேங் ஆஃப் ஃபோர் குழுவின் கிதார், வெட்டி வெட்டி நிறுத்தப்படும் கீற்றுகளாக ஒலித்தது. 1980இல் டாக்கிங் ஹெட்ஸ் தங்கள் மேடைக் குழுவில் ஃபங்க்கடெலிக்கின் கீபோர்டு கலைஞர் பெர்னி வோரலைச் சேர்த்துக்கொண்டது. பின்னர் வந்த ரேஜ் அகைன்ஸ்ட் தி மெஷின் போன்ற கனமான குழுவிலும், ரிஃப்புகளுக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்குகளுக்கு, நடுவே உள்ள மௌனமே அடுத்த அடியை இடிபோல விழச்செய்கிறது.

இந்தக் கடன் எல்லோருக்கும் முறையாகத் திரும்பவில்லை என்பது என்னை வருத்துகிறது. ஜேம்ஸ் பிரவுனின் டிரம்ஸ் கலைஞர் கிளைடு ஸ்டபிள்ஃபீல்டு 'ஃபங்கி டிரம்மர்' பதிவில் வாசித்த சில நொடிகளை எண்ணற்ற ஹிப் ஹாப் பாடல்கள் எடுத்தாண்டன. அவற்றைக் கேட்டு வளர்ந்த ராக் டிரம்ஸ் கலைஞர்களின் கைகளிலும் அந்தத் தாளம் ஏறியது. அந்தப் பாடலின் ஆக்கத்தில் அவருடைய பெயர் இல்லை. 2017இல் அவர் மறைந்தார்.

இப்போது நான் பயிற்சி செய்யும்போது, தாள வேகத்தை ஒலித்துக்காட்டும் மெட்ரோனோம் கருவியை நான்கு அடிகளுக்கு ஒருமுறை மட்டும் ஒலிக்கும்படி வைத்துக்கொண்டு, அந்தப் பதிவில் ஸ்டபிள்ஃபீல்டு மெல்லத் தட்டும் ஸ்னேர் ஒலிகளை மனத்தில் ஓடவிட்டு, முதல் அடியில் ஒரே ஒரு சுரத்தை வாசித்துவிட்டு அடுத்த ஒலி வரும்வரை காத்திருக்கிறேன்.