புது பைக்கில எதில கை வைக்கலாம், எதில வைக்கக் கூடாது

யமஹா ஆர்15, எம்டி15, கேடிஎம் டியூக் 200, பஜாஜ் என்எஸ்200, இந்த பைக்குகளில ஒண்டை லீசிங்கில எடுத்த கையோட எங்கட பெடியள் செய்யிற முதல் வேலை சைலன்சரைக் கழட்டுறது. ஏ9 ரோட்டில மாங்குளத்தில இருந்து பரந்தன் வரைக்கும் எந்தக் கராஜுக்குள்ள எட்டிப் பார்த்தாலும் மூலையில கொம்பனி சைலன்சர் தூசி பிடிச்சுக் கிடக்கும், சுவரில புதுசா வந்த குட்டைச் சைலன்சர் தொங்கும். என்னட்ட பைக் பற்றிக் கேக்கிற தம்பிமாருக்கு ஒவ்வொருத்தருக்கா போனில விளங்கப்படுத்திறதை விட ஒரே இடத்தில எழுதி வைச்சா நல்லம் எண்டு பட்டது, அதான் இது. கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா வாசியுங்கோ.

முதல்லயே என்ர முடிவைச் சொல்லிப்போடுறன். எஞ்சின், சைலன்சர், எயார் பில்டர், வயரிங், இந்த நாலிலயும் கை வைக்காதேங்கோ. டயர், பிரேக், சஸ்பென்சன், ஹாண்டில், சீட், இதுகளில தாராளமா கை வையுங்கோ. பைக் ரோட்டைத் தொடுற இடமும் நாங்கள் பைக்கைத் தொடுற இடமும் எங்கட இஷ்டம், ஏனெண்டா எங்கட ரோட்டும் எங்கட உடம்பும் யமஹாக்காரனுக்கோ பஜாஜ்காரனுக்கோ தெரியாது. நடுவில இருக்கிறது அவனுக்குத்தான் தெரியும்.

உடன ஒரு கேள்வி வரும், "வன்னி ஆக்கள் மாத்தி ஓடாத வாகனமா அண்ணை?" எண்டு. உண்மைதான். 1990களில பொருளாதாரத் தடை இருந்த காலத்தில பெற்றோல் எண்டது மருந்து மாதிரி போத்தலில தான் கண்ணில படும். எங்கட ஆக்கள் மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில ஓடினவை. ஸ்டாட் பண்ண மட்டும் ஒரு சின்னப் போத்தலில இருந்து கொஞ்சம் பெற்றோலைக் காபரேட்டருக்குள்ள (பெற்றோலையும் காத்தையும் கலக்கிற சாமான்) பீச்சி, எஞ்சின் சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி, வெள்ளைப் புகை தள்ளத் தள்ள ஆஸ்பத்திரிக்கும் வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனவை. யப்பானில தபால்காரர் ஓடின அந்தச் சிவப்பு ஹொண்டா எம்டி90 எதை ஊத்தினாலும் குடிச்சிட்டு ஓடும். ஸ்பெயார் பாட்ஸ் இல்லாமல் கையில கிடைச்ச இரும்பைக் கடைஞ்சு போட்டு ஓட வைச்ச அந்த மெக்கானிக்மாரை நான் இண்டைக்கும் கையெடுத்துக் கும்பிடுவன், அவையின்ர திறமைக்கு முன்னால எந்தக் கொம்பனி இன்ஜினியரும் குறைஞ்சவன் தான். ஆனா அவை கை வைச்சது வேற வழி இல்லாததால. ரெண்டாவது, அந்த எஞ்சின் அப்பிடிக் கை வைக்கிறதுக்குத் தோதான எஞ்சின். காபரேட்டர் ஒண்டு, பிளக் ஒண்டு, ஸ்க்ரூட்ரைவரால ரெண்டு திருகு திருகினா சத்தத்தில விளங்கும் சரியா பிழையா எண்டு.

இப்ப நீங்கள் ஓடுறது அந்தச் சாதி இல்லை. ஆர்15இல மூண்டாவது வேர்ஷனில இருந்து விவிஏ எண்டு ஒண்டு வருது. ஏறக்குறைய 7400 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிசத்துக்குச் சுத்திற சுத்து) வரைக்கும் காத்து உள்ளுக்க வாற இன்டேக் வால்வை ஒரு கேம் (வால்வைத் தள்ளித் திறக்கிற மேடு) திறக்கும், அதுக்கு மேல முறுக்கினா உயரம் கூடின வேற கேமுக்கு மாறிடும். 155 சிசி எஞ்சினில 18 குதிரைவலுவுக்கு மேல எடுக்கிறதும், அதே எஞ்சின் சந்தை நெரிசலுக்குள்ள திக்காமல் போறதும் அதால தான். கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்தையும் பெற்றோலையும் நெருக்கிற அளவு, 11.6க்கு 1. இந்த எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊத்தினா என்ன நடக்கும் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. இன்டேக் குழாயின்ர நீளம், கேம், சைலன்சருக்குள்ள இருக்கிற அறைகள், புகையைச் சுத்தப்படுத்திற கற்றலிட்டிக் கொன்வேட்டர், எல்லாத்தையும் ஒண்டோட ஒண்டு பொருத்திப் பார்த்துத்தான் அந்த 18ஐ எடுத்திருக்கிறாங்கள். அதில ஒண்டைத் தூக்கி எறிஞ்சா மற்றதுகளின்ர கணக்குப் பிழைக்கும்.

எப்பிடிப் பிழைக்கும் எண்டு கொஞ்சம் விளங்கப்படுத்திறன், இது தான் கன பேருக்குத் தெரியாத இடம். ஒரே சீரான வேகத்தில போகேக்க சைலன்சர் குழாயில இருக்கிற ஒக்ஸிஜன் சென்சர் புகையைப் பார்த்து ஈசியுவுக்கு (எஞ்சினை நடத்திற கம்பியூட்டர்) சொல்லிக்கொண்டே இருக்கும், ஈசியு ஒரு கிராம் பெற்றோலுக்கு 14.7 கிராம் காத்து எண்ட கணக்குக்குக் கிட்ட எரிபொருளைக் கூட்டிக் குறைச்சுக் கொண்டு போகும். சைலன்சரைத் திறந்து விட்டாலும் இந்த இடத்தில, கறியில உப்புக் கூடினா தேங்காய்ப்பால் விட்டுச் சமாளிக்கிற மாதிரி, ஈசியு ஒரு அளவுக்குச் சமாளிச்சுப் போடும். ஆனா முழுசா முறுக்கேக்க அது சென்சரைக் கேக்காது, கொம்பனியில எழுதி வைச்ச அட்டவணையைப் பார்த்துத்தான் பெற்றோல் விடும். அந்த அட்டவணை பழைய சைலன்சருக்கு எழுதினது. இப்ப காத்துக் கூட, பெற்றோல் அதே அளவு, எஞ்சின் வறண்டு எரியும், சூடு கூடும். எங்கட சித்திரை வைகாசி வெயிலில முருகண்டியில இருந்து வவுனியா வரைக்கும் அப்பிடி முறுக்கிக்கொண்டு போனா அந்தச் சின்ன பிஸ்டன் என்ன பாடு படும் எண்டு யோசியுங்கோ. கீழ் ஆர்பிஎம்மில இழுவையும் குறையும், பின்னால ஆளை ஏத்திக்கொண்டு குளக்கட்டு ஏறேக்க தெரியும்.

"அப்ப ஈசியுவையும் மாத்தினாச் சரிதானே" எண்டு கேப்பியள். முறையாச் செய்யிறதெண்டா எஞ்சின் வலுவை அளக்கிற டைனோ மெசினில ஏத்தி, ஒவ்வொரு ஆர்பிஎம்மிலயும் காத்துப் பெற்றோல் விகிதத்தை அளந்து அளந்து எழுதோணும். கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம் அப்பிடி ஒரு இடத்தை நான் காணேல்லை. ஒரு பெட்டியை வயருக்குள்ள செருகி, காதால சத்தத்தைக் கேட்டு "இப்ப சரி தம்பி, ஓடிப் பார்" எண்டு விடுறது டியூனிங் இல்லை. இவ்வளவும் செய்து கிடைக்கிறது என்ன? இந்த அளவு எஞ்சினில ஒரு குதிரைவலு கூடினாலே பெரிய காரியம். கொம்பனி விட்டபடியே ஆர்15 130ஐத் தாண்டி ஓடும், எங்கட ரோட்டில மோட்டச்சைக்கிளுக்கு விதிச்ச வேகம் ஊருக்குள்ள 50, வெளியில 70. மிச்சம் கிடக்கிற அறுபதையே பாவிக்க இடமில்லாத நாட்டில அறுபத்தொண்டாவது எதுக்கு?

பெரிய பைக்குகளின்ர கதையும் இதே தான், ஒருகாலத்தில மாத்திறதுக்கு நியாயமான காரணம் இருந்தது. 1972இல கவாசாகி இசட்1 வந்தது, 903 சிசி, 82 குதிரைவலு. எஞ்சின் அருமை, பிரேம் அதுக்கு ஈடு குடுக்கேல்லை, வேகமா வளைவுக்குள்ள விட்டா ஆடும். அதால சுவிசில ஃபிரிட்ஸ் எக்லி மாதிரி ஆக்கள் அந்த எஞ்சினுக்குத் தனியாப் பிரேம் செய்து வித்தினம், வாங்கினவன் உண்மையாவே கொம்பனி பைக்கை விட நல்ல பைக்கில ஏறினான். 2015இல வந்த யமஹா ஆர்1ஐ எடுங்கோ. 998 சிசி, 200 குதிரைவலு, பைக் எந்தப் பக்கம் எவ்வளவு சரிஞ்சிருக்கு எண்டு ஆறு விதத்தில அளந்து அதுக்கேற்றபடி டயர் வழுக்காமல் பவரைக் குறைக்கிற கம்பியூட்டர் உள்ளுக்க இருக்கு. அதைவிடத் திறமா நான் செய்வன் எண்டு எந்தக் கராஜ்காரன் சொன்னாலும் நான் நம்ப மாட்டன்.

என்ர சித்தப்பான்ர மகன் ஒருத்தன் சுவிசில அந்தச் சாதிப் பைக் தான் வைச்சிருக்கிறான். என்ன மாத்தினனீ எண்டு கேட்டன். டயரும், தன்ர நிறைக்கு ஏற்றபடி சஸ்பென்சனை இறுக்கித் தளர்த்தினதும் மட்டும் தானாம். அங்க சைலன்சர் மாத்தினா அனுமதிப் பேப்பர் இல்லாமல் வாகனச் சோதனையில பாஸாக ஏலாது. ஆனா அவன் சொன்ன காரணம் அது இல்லை, "அண்ணை, சஸ்பென்சனை எனக்கு சரிப்பண்ணின பிறகு தான் இந்தப் பைக் எவ்வளவு நல்ல பைக் எண்டே தெரிஞ்சது" எண்டான். இருநூறு குதிரைவலு வைச்சிருக்கிறவன் சொல்லுற கதை அது.

இனிச் சத்தம். இதை நான் மனசால சொல்லுறன், கோபிக்காதேங்கோ. சைலன்சரைத் திறந்து விட்டதும் போதாதெண்டு ஓடுற ஓட்டத்தில எஞ்சின் சுவிச்சை நிப்பாட்டிப் போட்டு வெடிக்க வைக்கிற ஒரு பழக்கம் வந்திருக்கு. எரியாத பெற்றோல் சூடான குழாய்க்குள்ள போய்ப் பத்திறது தான் அந்த வெடி, கொம்பனிச் சைலன்சரோட செய்தா கற்றலிட்டிக் கொன்வேட்டர் உருகிப் போகும். அது பைக்குக்கு. மனுசருக்கு என்ன செய்யுது எண்டதைப் பாருங்கோ. எங்கட ஊரில முப்பத்தைஞ்சு வயசுக்கு மேல இருக்கிற எவருக்கும் வெடிச் சத்தம் எண்டா என்ன எண்டு சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு செத்த வீட்டில இரவு இருந்தனாங்கள், ரோட்டால ஒருத்தன் அப்பிடி வெடிக்க வைச்சுக்கொண்டு போனான். கதைச்சுக்கொண்டு இருந்த ஒரு அம்மா அப்பிடியே குந்தி நிலத்தில கையை ஊண்டிப் போட்டா. பக்கத்தில இருந்த மகள் ஒண்டும் சொல்லேல்லை, தாயின்ர முதுகைத் தடவிக்கொண்டு இருந்தா, வீட்டில வழமையா நடக்கிற விசயம் போல. 2009 முடிஞ்சு இவ்வளவு வருசம் ஆகிட்டுது எண்டு எங்களுக்கு இருக்கலாம், அந்த உடம்புக்கு இல்லை. அந்தப் பெடியன் கெட்டவன் இல்லை, அவன் பிறக்கேக்கையே சண்டை முடிஞ்சிருக்கும், அவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அதால தான் நான் சொல்லுறன். மற்ற நூறு காரணத்தையும் விடுங்கோ, இந்த ஒண்டுக்காக எண்டாலும் அந்தக் கொம்பனிச் சைலன்சரை எடுத்துத் திருப்பிப் பூட்டுங்கோ.

எயார் பில்டர் பற்றிச் சுருக்கமா. பெட்டியைக் கழட்டிப் போட்டு கூம்பு மாதிரி ஒரு பில்டரை வெளியில தெரிய மாட்டுறது நல்ல தார் ரோட்டு ஊருக்கே சரிவராது, மல்லாவி, துணுக்காய் உள்ரோட்டில கிரவல் லொறிக்குப் பின்னால போறவனுக்கு எப்பிடிச் சரிவரும்? அந்தச் செந்தூசி உள்ளுக்க போனா சிலிண்டரை அரம் போட்டு ராவும். மாரியில ரோட்டுக்கு மேலால வெள்ளம் போகேக்க தண்ணியும் உறிஞ்சும். பெட்டி பெரிசா வடிவில்லாமல் இருக்கிறது சும்மா இல்லை.

டயரில கை வையுங்கோ எண்டு சொன்னன், ஆனா அளவுக்கு மேல பெரிய டயர் போடுறதும் பிழைதான். ஆர்15க்குப் பின் டயர் அளவு 140/70, முதல் இலக்கம் மில்லிமீற்றரில அகலம். அதே ரிம்மில 160 போட்டா டயர் ரெண்டு பக்கமும் நெரிஞ்சு நடு உயர்ந்து நிக்கும், பார்க்கத்தான் அகலம், வளைவில திருப்பக் கள்ளம் பண்ணும். சுற்றளவு மாறினா ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கேக்க சில்லு இறுகி வழுக்காமல் பாக்கிற சாமான்) முன் சில்லையும் பின் சில்லையும் ஒப்பிடுற கணக்கும் மாறும்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். லீசிங் முடியுமட்டும் புத்தகத்தில அப்சலூட் ஓனர் எண்டு இருக்கிறது பினான்ஸ் கொம்பனியின்ர பேர், உங்கட பேர் இல்லை. சொல்லாமல் மாத்தின வாகனத்துக்கு இன்சூரன்ஸ்காரன் காசு குடுக்காமல் விடக் காரணம் தேடத் தேவையும் இல்லை. பொலிஸ் பிடிச்சால் தண்டம். இவ்வளவும் தான்.

"எல்லாருக்கும் ஒரே பைக், எனக்கு எண்டு ஒரு வித்தியாசம் வேண்டாமா" எண்டு என்ர நண்பன் ஒருத்தன் கேப்பான், அவன்ர கேள்வியில நியாயம் இருக்கு. இருபது வயசில வாழ்க்கையில முதல் முதலா தனக்கெண்டு ஒரு பொருள், அதுவும் அம்மான்ர நகையை அடகு வைச்சு முற்பணம் கட்டி எடுத்தது, அதில தன்ர அடையாளம் இருக்கோணும் எண்டு நினைக்கிறது பிழையே இல்லை. ஸ்டிக்கர் ஒட்டுங்கோ, ரிம்மில கோடு இழுங்கோ, சீட் தைப்பியுங்கோ, நல்ல லீவர் போடுங்கோ. முழு நிறத்தையும் மாத்தினா புத்தகத்திலயும் மாத்துங்கோ. அந்தக் கண்ணைப் பறிக்கிற வெள்ளை லைட்டை மட்டும் விடுங்கோ, எதிரில வாறவன் ஏ35 ரோட்டில (பரந்தன் முல்லைத்தீவு ரோட்டு) மாடு படுத்திருக்கிறதைக் காணமாட்டான்.

மாடு எண்டதும் தான் முக்கிய விசயத்துக்கு வாறன். பரந்தனில இருந்து முல்லைத்தீவுக்கு இரவில ஓடினவனுக்குத் தெரியும், பகல் முழுக்க வெயில் குடிச்ச தார் இரவில சூடா இருக்கும், மாடெல்லாம் அதில வந்து படுக்கும். ஒட்டுசுட்டான் பக்கம் யானையும் வரும். அப்ப உங்களைக் காப்பாத்தப் போறது பிரேக்கும் டயரும் தான், அந்த ஒரு குதிரைவலு இல்லை. சைலன்சருக்கு வைச்சிருக்கிற காசில நல்ல பிரேக் பாட் போடலாம், பிரேக் ஒயில் மாத்தலாம். அது காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சிற சாமான், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தோணும், எங்கட பக்கம் கன பைக்கில வாங்கின நாளில இருந்து அதே ஒயில் தான் கறுத்துப் போய்க் கிடக்கு. பின் சஸ்பென்சனில ப்ரீலோட் (ஸ்பிரிங்கை இறுக்கித் தளர்த்திற வசதி) இருக்கிற பைக் எண்டா தனிய ஓடேக்க ஒரு அளவு, ஆளோ நெல்லு மூட்டையோ ஏத்தேக்க இன்னொரு அளவு வையுங்கோ, அதுக்குச் சாவி பைக்கோடயே தந்தவங்கள். மிச்சக் காசுக்கு நல்ல ஹெல்மட் ஒண்டு.

டயர் வாங்கேக்க பக்கத்தில நீள்வட்டத்துக்குள்ள இருக்கிற நாலு இலக்கத்தைப் பாருங்கோ, 2324 எண்டா 2024ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்தது. பழைய டயரைப் புதுசெண்டு துடைச்சுத் தந்தாலும் இந்த இலக்கம் பொய் சொல்லாது. அஞ்சு வருசம் தாண்டினதைத் தந்தா வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு அடுத்த கடைக்குப் போங்கோ. டியூக்குக்கு 110/70, 150/60 அளவில நல்ல ரேடியல் டயர் கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ ஆரிட்டயாவது நியாய விலைக்கு இருந்தா எனக்குச் சொல்லுங்கோ, கேட்ட தம்பி ஒருத்தன் இன்னும் மொட்டை டயரில தான் ஓடுறான்.