பருவுக்கு நான்கு பொருள் போதும், ஆனால் மூன்று மாதம் பிடிக்கும்

பதின்ம வயதோடு போய்விடும் என்று எல்லாரும் சொன்ன பரு எனக்குப் போகவில்லை. தாடையில் ஒன்று அமுங்கினால் பக்கத்திலேயே இன்னொன்று கிளம்பும், நெற்றியில் தொட்டால் மட்டும் தெரிகிற மாதிரி பொடிப் பொடியாகச் சொரசொரப்பு, மூக்கு முழுக்கக் கரும்புள்ளி. தோல் மருத்துவர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தது மொத்தமே நான்கு பொருள்தான். வாசனை சேர்க்காத மிதமான ஃபேஸ்வாஷ், சாதாரண மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன், இரவில் போட 0.1 சதவீத அடாபலீன் என்ற பரு மருந்து ஜெல். இவ்வளவுதானா என்று கேட்டதற்கு, இதையே ஒழுங்காகப் போடுங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். அந்த மூன்று மாதத்தின் நடுவில் இப்போது மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

மூன்று மாதம் ஏன் என்பது புரிந்துவிட்டால் பாதி பதற்றம் போய்விடும். கண்ணாடியில் இன்று தெரிகிற பரு இன்று உருவானதில்லை. எண்ணெய்ச் சுரப்பியின் துவாரத்தில் உதிர வேண்டிய தோல் செல்கள் உதிராமல் எண்ணெயோடு சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன, அந்த அடைப்பு கண்ணுக்கே தெரியாத அளவில் பல வாரம் உள்ளே இருக்கிறது, அதற்குள் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்கிற பாக்டீரியா (எல்லார் தோலிலும் இருப்பதுதான்) பெருகி, உடம்பு அதோடு மல்லுக்கட்டும்போது சிவந்து வீங்கி வலிக்கிறது. அடாபலீன் முக்கியமாக வேலை செய்வது அந்த முதல் கட்டத்தில், அதாவது அடைப்பு விழாமல் தடுப்பதில். அதனால் வந்த பருவின் தலையில் மட்டும் பொட்டு வைத்தால் பெரிய பயன் இல்லை, பரு வழக்கமாக வருகிற இடம் முழுக்கத் தடவ வேண்டும். ஏற்கெனவே உள்ளே கிளம்பிவிட்டவற்றில் சில அதற்குப் பிறகும் வெளியே வரலாம்.

காலை வேலை சுருக்கமானது. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் ஃபேஸ்வாஷ், விரலால் மெதுவாக, அவ்வளவுதான். ஸ்க்ரப், பிரஷ், நார் எதுவும் வேண்டாம். கரும்புள்ளியின் கறுப்பு அழுக்கு இல்லை, துவாரத்தில் இருக்கிற மெலனினும் எண்ணெயும் காற்றுப் பட்டுக் கறுத்தது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, நன்றாக வியர்த்தால் இன்னொரு தடவை. குளியல் சோப்பு பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது, தோலோ லேசான அமிலத்தன்மை உள்ளது, இரண்டுக்கும் ஒத்துப்போகாது. கழுவித் துடைத்த பிறகு கன்னம் விறைத்து இழுக்கிறதென்றால் அந்த ஃபேஸ்வாஷ் உங்களுக்குக் கொஞ்சம் அதிகம்.

எண்ணெய் வழிகிற முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். எண்ணெய் வேறு, ஈரப்பதம் வேறு. பரு மருந்துகள் பெரும்பாலும் தோலை உலர்த்துபவை, மாய்ஸ்சரைசர் இல்லாமல் அவற்றைத் தாங்குவது கஷ்டம். டப்பாவில் 'நான்-காமெடோஜெனிக்' (துவாரத்தை அடைக்காதது) என்று இருந்தால் நல்லது, ஆனால் அதற்குக் கறாரான தர விதி எதுவும் கிடையாது, போட்டுப் பார்த்துத்தான் தெரியும்.

சன்ஸ்க்ரீன்தான் எனக்குப் பிடிக்காமலே போட்டுக்கொண்டிருந்த பொருள். எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாமல், முகத்துக்கும் கழுத்துக்குமாக ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். அந்த அளவைப் போட்டால் முதலில் முகம் வெளுத்துப் போகும். மாய்ஸ்சரைசர் காய்வதற்குள் மேலே தேய்த்தால் ரப்பரால் அழித்த தாளில் வருவது போல் துகள் துகளாகத் திரண்டு கையோடு வந்துவிடும். சில நிமிடம் விட்டுவிட்டு, தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் போட்டால் ஒட்டுகிறது. அதை ஏன் விடக்கூடாது என்றால், பரு போன இடத்தில் பழுப்பாக ஒரு கறை நிற்கிறதே, அது வெயிலில் இன்னும் கறுக்கும், மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் இந்தத் தொல்லை கூடுதல். பரு ஒரு வாரத்தில் போய்விடும், கறை பல மாதம் இருக்கும்.

அப்புறம் இரவு. முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் ஜெல், ஈரத்தோடு போட்டால் எரிகிறது. முழு முகத்துக்கும் பட்டாணி அளவு. நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், தாடை என்று அங்கங்கே புள்ளி வைத்துப் பரப்பிவிட வேண்டும். கூடுதலாகப் போட்டால் சீக்கிரம் குணமாகாது, சீக்கிரம் உரியும், அவ்வளவுதான். கண் ஓரம், மூக்குத் துவாரத்தின் மடிப்பு, உதட்டு ஓரம் மூன்றும் ஆபத்தான இடங்கள். அங்கே முதலிலேயே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிடுவேன். ஆரம்பத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் முதலில் மாய்ஸ்சரைசர், நடுவில் ஜெல், மேலே மறுபடி மாய்ஸ்சரைசர்.

இவ்வளவு செய்தும் முதல் மாதம் மோசம்தான். வாயைச் சுற்றியும் தாடையிலும் தோல் மெல்லிசாக உரிந்தது, சிரித்தால் இழுத்தது, வழக்கமான மாய்ஸ்சரைசரே சுரீர் என்றது. அதோடு நெற்றியில் முன்பு இல்லாத அளவுக்குப் பரு. பார்க்கிறவர்கள் எல்லாம், அந்த மருந்து உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தூக்கிப் போடு என்றார்கள். நான் நிறுத்தவில்லை, வாரத்துக்கு இரண்டு இரவாகக் குறைத்தேன், எரிச்சல் அடங்கியதும் மெல்லக் கூட்டினேன். அந்தச் சமயத்தில் வேறு எதையும் புதிதாகச் சேர்க்காமல் இருந்ததுதான் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். முகம் முழுக்க வீங்கினாலோ தடித்து அரித்தாலோ அது வேறு கதை, உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இந்த வாரங்களில்தான் யோசனைகள் குவியும். டூத்பேஸ்ட் வை என்பார்கள், அது எரிச்சலைத்தான் கூட்டும். அதைவிட மோசம், யாரோ தருகிற, உள்ளே ஸ்டீராய்டு இருக்கிற க்ரீம். போட்ட சில நாளிலேயே சிவப்பு மறைந்து முகம் பளிச்சென்று ஆகிவிடும், அதனால்தான் நம்பிவிடுகிறார்கள். தொடர்ந்து போட்டால் தோல் மெலியும், ஸ்டீராய்டாலேயே பரு வரும், நிறுத்தினால் முன்பைவிட மோசமாகச் சிவக்கும். டியூபில் பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று திருப்பிப் பாருங்கள், இருந்தால் முகத்துக்குச் சொந்தமாகப் போடாதீர்கள்.

தாடையில் சிவந்து வருபவை மட்டும் அடங்காததால் பின்னால் காலையில் போட 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடும் மருத்துவர் சேர்த்துக் கொடுத்தார். பாக்டீரியாவைக் கொல்வது இது, ஆன்டிபயாடிக் போல் கிருமி இதற்குப் பழகிப் போவதில்லை. 5, 10 சதவீதத்திலும் கிடைக்கிறது, ஆனால் பரு குறைவதில் பெரிய வித்தியாசம் இல்லாமல் எரிச்சல் மட்டும் கூடுமாம். இதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத விஷயம், துணியை வெளுத்துவிடும். நீலத் துண்டு ஒன்றில் ஆரஞ்சு நிறத்தில் திட்டுத் திட்டாக விழுந்ததைப் பார்த்து யார் ப்ளீச் கொட்டியது என்று வீட்டில் ஒரு விசாரணையே நடந்தது. வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை வாங்கிக்கொள்ளுங்கள். கையைக் கழுவாமல் சட்டைக் காலரைத் தொடாதீர்கள்.

முதலில் வழிக்கு வந்தது நெற்றி. ஒருநாள் முகம் கழுவும்போது கை வழுக்கிக்கொண்டு போனது, சொரசொரப்பு இல்லை. தாடைக்கு அதற்கப்புறமும் நாள் பிடித்தது. இப்போதும் அவ்வப்போது ஒன்று வரும், கிள்ளாமல் இருக்க மேலே ஹைட்ரோகொல்லாய்டு பேட்ச் (பருவை மூடுகிற சின்ன ஒட்டு) ஒட்டிவிடுவேன், மருந்து என்பதைவிட என் விரலுக்குப் போட்ட வேலி அது. கறை மெல்ல மங்குகிறது. பழைய குழித் தழும்பு இரண்டு அப்படியே இருக்கிறது, க்ரீமால் குழி நிரம்பாது.

எல்லாருக்கும் இதே போதும் என்று சொல்ல மாட்டேன். ஆழத்தில் கட்டியாக, தொட்டாலே வலிக்கிற மாதிரி வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும், அவை பெரும்பாலும் தழும்பை விட்டுவிட்டுத்தான் போகும். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் தாடைப் பருவும் சேர்ந்திருந்தால் ஹார்மோனைப் பார்க்கச் சொல்வார்கள். நெற்றியில் ஒரே அளவில் பொடிப் பொடியாக, அரிப்போடு வந்தால் அது பருவே இல்லாமல் மலசீசியா என்ற பூஞ்சையாகவும் இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் அடாபலீனைத் தவிர்க்க வேண்டும்.

முகம் தெளிந்த பிறகு ஜெல்லை விட்டுவிடலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். விட்டால் அடைப்பு மறுபடி விழ ஆரம்பிக்கும், வாரத்துக்குச் சில இரவாவது போடுங்கள் என்றார். அப்படித்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறது, சன்ஸ்க்ரீன் மீது மட்டும் இன்னும் பிரியம் வரவில்லை.