கனடாவில் பி.ஆர். வரும்வரை சென்னை வேலையைத் தொடர்வது: கவனிக்க வேண்டியவை

கணவரோ மனைவியோ கனடாவில் இருக்கிறார், துணையை அங்கே வரவழைக்கும் ஸ்பான்சர்ஷிப் மனு போட்டாயிற்று அல்லது போடப் போகிறீர்கள். பி.ஆர். எனும் நிரந்தர வதிவுரிமை வரும்வரை விசிட்டராக அங்கே போய்த் தங்கி, சென்னைக் கம்பெனி வேலையையே லேப்டாப்பில் தொடர முடியுமா? முடியும். ஆனால் அந்த அனுமதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் விமானம் ஏறக் கூடாது.

சம்பளமோ கமிஷனோ வரும் செயலும், கனடியர்களின் வேலைச் சந்தையோடு நேரடியாகப் போட்டியிடும் செயலும் ‘வேலை’ என்கிறது கனடியக் குடிவரவு ஒழுங்குவிதி. குடிவரவுத் துறையின் வழிகாட்டுதல் இதற்கு ஒரு விலக்குத் தருகிறது: முதலாளி கனடாவுக்கு வெளியே இருந்து, சம்பளமும் வெளியிலிருந்தே வந்தால், போனிலும் இணையத்திலும் செய்யும் வேலைக்கு வொர்க் பெர்மிட் தேவையில்லை. இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்த வேண்டும். கம்பெனி வசதிக்காக உங்களை அதன் டொரொண்டோ கிளையின் சம்பளப் பட்டியலுக்கு மாற்றினால் விலக்கு அந்த நிமிடமே போய்விடும். கனடிய வாடிக்கையாளருக்கு உங்கள் பெயரில் பில் போடுவது, ‘ஒரே ஒரு மீட்டிங்’ என்று மிசிசாகாவில் உள்ள கிளையன்ட் ஆபீஸில் போய் உட்காருவது எல்லாம் ஆபத்து. ஸ்கார்பரோவில் சொந்தக்காரர் கடையில் கல்லாவில் நின்று கையில் காசு வாங்கினால் அது சந்தேகத்துக்கு இடமில்லாத சட்டமீறல்.

முதலில் கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மேனேஜர் வாயால் சொன்னது போதாது. கடிதத்தில் நான்கு செய்திகள் இருக்கட்டும்: நிறுவனம் இந்தியாவில் பதிவானது, சம்பளம் ரூபாயில் இந்திய வங்கிக் கணக்கில் வருகிறது, கனடிய வாடிக்கையாளருக்கோ கிளைக்கோ நீங்கள் வேலை செய்யவில்லை, கனடாவிலிருந்து வேலை செய்வது கம்பெனிக்குத் தெரியும். ஹெச்.ஆர். தயங்குவதற்குக் காரணம் உண்டு. கனடா மண்ணில் செய்யும் வேலைக்குச் சம்பளம் தரும் வெளிநாட்டு முதலாளிக்கும் அங்கே வரி பிடித்தம் செய்யும் கடமை எழலாம். கிளையன்ட் ஒப்பந்தத்தில் ‘தரவு இந்தியாவை விட்டு வெளியே போகக் கூடாது’ என்று இருந்தால் கம்பெனியின் பாதுகாப்பு இணைப்பான வி.பி.என். வெளிநாட்டு இணைய முகவரியைத் தடுத்துவிடும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ஐ.டி. பிரிவிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

டொரொண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்: துணையிடம் வந்திருக்கிறேன், பி.ஆர். மனு நடக்கிறது, இந்திய வேலையை ஆன்லைனில் தொடர்கிறேன். பி.ஆர். எண்ணம் இருப்பதே விசிட்டராக நுழைவதற்குத் தடையில்லை என்கிறது குடிவரவுச் சட்டத்தின் 22(2) பிரிவு. விடுமுறைக்கு வந்தேன் என்று பொய் சொல்லி மாட்டினால் 40-ஆவது பிரிவின் கீழ் 5 ஆண்டுத் தடை வரும்; ஸ்பான்சர்ஷிப்பும் அதோடு போகும்.

அதிகாரி வேறு தேதி எழுதாவிட்டால், உள்ளே வந்த நாளிலிருந்து 6 மாதம் தங்கலாம். விசா ஸ்டிக்கரில் இருக்கும் தேதி உள்ளே நுழைவதற்கானது. தங்கும் கெடுவும் அதுவும் வேறு வேறு. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். கெடு முடிவதற்குக் குறைந்தது 30 நாள் முன்பே ஐ.எம்.எம். 5708 படிவத்தில் நீட்டிப்புக் கேளுங்கள். கட்டணம் 100 கனடிய டாலர். கெடுவுக்குள் மனு போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய நிபந்தனைகளோடு சட்டப்படி இருக்கலாம். இடையில் நாட்டை விட்டுப் போனால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. கெடுவைத் தவறவிட்டால் நிலையை மீட்கக் கேட்க 90 நாள் மட்டுமே உண்டு.

ஸ்பான்சர்ஷிப்பில் கனடாவுக்குள் இருப்பவர்களுக்கான வகை, வெளிநாட்டுக் குடும்ப வகை என்று இரண்டு வழிகள். கனடாவில் தங்கிக்கொண்டே வெளிநாட்டு வகையில் மனு போடலாம் என்பது பலருக்குத் தெரியாது. இந்திய வேலையில் இருப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை அதுதான். ஆபீஸ் கூப்பிட்டாலும் வீட்டில் அவசரம் என்றாலும் ஊருக்குப் போய்வரலாம். மனு நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. உள்நாட்டு வகையில் அந்த உரிமை இல்லை. வெளியே போய்த் திரும்ப முடியாமல் போனால் மனுவும் கைவிட்டுப் போகலாம். எந்த முதலாளியிடமும் வேலை செய்ய விடும் ஓபன் வொர்க் பெர்மிட்டுக்காக உள்நாட்டு வகையைத் தேர்ந்தெடுத்த காலம் 2023 மே மாத அறிவிப்போடு மாறிவிட்டது. கனடாவில் துணையோடு, சட்டப்படியான நிலையில் வாழ்ந்தால் இரு வகையினருமே அதைக் கேட்கலாம்.

படிவங்கள்: ஸ்பான்சருக்கு ஐ.எம்.எம். 1344, உறவு விவரங்களுக்கு 5532, விண்ணப்பதாரருக்கு 0008, 5669, 5406. 2024 ஏப்ரல் 30-இல் வந்த கட்டணப்படி ஸ்பான்சருக்கு 85, பரிசீலனைக்கு 545, வதிவுரிமைக்கு 575, பயோமெட்ரிக்ஸுக்கு 85 என மொத்தம் 1,290 டாலர். செலுத்தும் நாளில் நடப்புக் கட்டணத்தைச் சரிபாருங்கள்.

மனு திரும்பி வருவது பெரும்பாலும் ஆவணக் குறையால்தான். கோயில் ரசீதும் மண்டபப் பத்திரிகையும் திருமணச் சான்று ஆகா. சார்பதிவாளர் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை பதியலாம். 5669-இல் வேலை, படிப்பு, முகவரி வரலாற்றில் ஒரு மாதம்கூட இடைவெளி விடாதீர்கள். வேலை தேடிய மாதங்களையும் அப்படியே எழுதுங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ தொடர்ந்து 6 மாதம் இருந்திருந்தால் அங்கிருந்தும் போலீஸ் சான்று தேவைப்படும். ஊரை விட்டு வந்தபின் அதைத் தருவித்துக்கொள்வது பெரும்பாடு.

வரி விஷயத்தில்தான் பெரிய அடி விழும். குடிவரவுத் துறை ‘இது வேலை இல்லை’ என்பதைக் கனடிய வருவாய்த் துறையும் சொல்லும் என்று நம்பாதீர்கள். துணையும் வீடும் கனடாவில் இருப்பது முக்கியமான வதிவிடப் பிணைப்பு. எனவே 183 நாள் ஆகும்வரை காத்திராமல், குடியேறிய நாளிலிருந்தே உங்களை வதிவாளராக, அதாவது வரிக் கணக்கில் கனடாவில் வசிப்பவராகக் கருதலாம். அப்போது உலக வருமானம் முழுவதையும் காட்ட வேண்டும். உட்கார்ந்து வேலை செய்த இடம் கனடா என்பதால் அந்தச் சம்பளம் கனடாவில் ஈட்டியதாகிறது. சென்னையில் பிடித்த டி.டி.எஸ்.ஸை அங்கே அப்படியே கழித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கேதான் இடிக்கும். இந்திய ரிட்டர்னில் இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி விலக்கோ ரீஃபண்டோ கேட்க வேண்டி வரலாம். அந்த நிதியாண்டில் நீங்கள் இந்திய வதிவாளரா என்பதைப் பொறுத்து வழி மாறும். இரு நாட்டு வரியும் தெரிந்த ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

கனடாவில் வேலைக்கும் வரிக்கும் தேவையான சின் எண் (சமூகக் காப்பீட்டு எண்) விசிட்டருக்குக் கிடைக்காது. டி1261 படிவத்தில் தனிநபர் வரி எண் வாங்குங்கள். இந்தியக் கணக்கு ஏப்ரல்–மார்ச், கனடாவினுடையது ஜனவரி–டிசம்பர். அதனால் மாதச் சம்பளச் சீட்டுகள் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். கனடாவில் பிடித்தம் இல்லாததால் ஏப்ரல் 30-இல் மொத்தமாகக் கட்ட நேரும். மாதாமாதம் ஒதுக்கி வையுங்கள். ஊரில் மனை, வைப்பு நிதி, பங்கு எல்லாம் சேர்ந்து அடக்க விலை 1 லட்சம் கனடிய டாலரைத் தாண்டினால் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் டி1135 படிவம் தேவைப்படும். முதன்முறை குடியேறும் ஆண்டுக்கு மட்டும் விலக்கு.

கோடையில் டொரொண்டோ நம்மைவிட 9½ மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 10½. இந்திய நேரம் மதியம் 2 முதல் இரவு 11 வரையான ஷிப்ட் அங்கே கோடையில் அதிகாலை 4:30-க்கே தொடங்கி மதியம் 1:30-க்கு முடியும். இந்தியக் காலை ஷிப்ட் அங்கே இரவில் விழும்; அதைவிட இது உடம்புக்கு எவ்வளவோ மேல். வங்கி ஓ.டி.பி.க்காக இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து ரோமிங்கில் வையுங்கள். விசிட்டருக்கு ஒன்டாரியோ அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. தனியார் காப்பீடு இல்லாமல் ஒரு வாரம்கூட இருக்காதீர்கள்.

மனு பெற்றதற்கான ஏ.ஓ.ஆர். கடிதம் வந்ததும் ஐ.எம்.எம். 5710-இல் ஓபன் வொர்க் பெர்மிட் கேளுங்கள். வொர்க் பெர்மிட் கட்டணம் 155-உம் ஓபன் பெர்மிட்டுக்கான கட்டணம் 100-உம் சேர்த்து 255 டாலர். பெர்மிட் கையில் வரும்வரை உங்கள் நிலை விசிட்டர்தான். உள்ளூர் வேலையைத் தொடாதீர்கள். வந்தபின் 9-இல் தொடங்கும் சின் எண் கிடைக்கும். பி.ஆர். ஆன பிறகு புதிய எண் வாங்கி, வங்கிக்கும் முதலாளிக்கும் வருவாய்த் துறைக்கும் தெரிவியுங்கள். பி.ஆர். உறுதிப்படுத்தும் இணையதளத்தைக் கனடாவுக்குள் இருந்தே பயன்படுத்த வேண்டும். முடிவு நெருங்கும் மாதங்களில் ஊர்ப் பயணத்தை ஒத்திப்போடுங்கள்.