ஆம்ஸ்டர்டாம் பாட்டோடு இஸ்தான்புல்லில்

இஸ்தான்புல்லின் ஐரோப்பியக் கரையில், எமினோனுவில் காடிக்கோய் படகு ஏறும்போதே காதில் அல்டின் கூன் இசைக்குழுவைப் போட்டுக்கொண்டேன். ஆசியக் கரைக்குச் சுமார் இருபது நிமிடம். பாதி வழியிலேயே என் கால் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. எதிரே சிமித் (எள் தூவிய வளைய ரொட்டி) தின்றுகொண்டிருந்த அம்மா சிரித்தார்.

வேடிக்கை என்னவென்றால், இது இஸ்தான்புல் குழுவே இல்லை. 2016-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. பேஸ் கிட்டார் வாசிக்கும் டச்சுக்காரர் யாஸ்பர் ஃபெர்ஹுல்ஸ்ட், வேறொரு குழுவோடு இங்கே வந்தபோது எழுபதுகளின் துருக்கி ராக் இசையில் மயங்கிப்போனார். ஊர் திரும்பி, துருக்கிய மொழியில் பாடுகிறவர்கள் வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் கேட்டார். அப்படிக் கிடைத்தவர்கள்தான் மெர்வே தாஷ்தெமிரும் எர்தின்ச் எஜெவித்தும். 2019-இன் ‘கெஜே’ ஆல்பம் கிராமி பரிந்துரை வரை போனது.

பெரும்பாலும் துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவின் நாட்டுப்பாடல்கள்தான் பாடுகிறார்கள். நெஷெத் எர்தாஷ் போன்ற, சாஸ் என்ற நீளக் கழுத்து நரம்பு வாத்தியக் கலைஞர்களின் பாட்டும் உண்டு. வரிகளில் பிரிவு, ஏக்கம், கைகூடாத காதல். கீழே பேஸும் டிரம்ஸும் கல்யாண வீடு மாதிரி குதிக்கும். மேலே மின்சாரம் ஏறிய சாஸ் சிணுங்கும். அழுகிற பாட்டுக்கு, அந்த அழுகையை மறைக்காமலே ஆட வைக்கிறார்கள். எனக்கு இவர்களைப் பிடித்துப்போனது அதனால்தான்.

காடிக்கோயின் அக்மர் பாசாஜ் என்ற கடைவளாகத்தில் பழைய புத்தகமும் இசைத்தட்டும் கிடைக்கும். எழுபதுகளின் துருக்கி ராக் பாடகர் எர்கின் கோராயின் தட்டு ஒன்றை எடுத்து விலை கேட்டேன், நல்ல பிள்ளையாகத் திரும்ப வைத்தேன். அந்தத் தலைமுறைக்கு எல்லாம் கொண்டாட்டமாக முடியவில்லை. 1980 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு பாடகி செல்தா பாஜான் சிறைக்குப் போனார்; ஜெர்மனியில் இருந்த பாடகர் ஜெம் கராஜா 1987-இல்தான் நாடு திரும்ப முடிந்தது.

அங்கிருந்து நடக்கும் தூரம்தான் மோடா. அதே தலைமுறைப் பாடகர், 1999-இல் மறைந்த பாரிஷ் மான்சோவின் வீடு அங்கே இப்போது அருங்காட்சியகம். நீளமுடி, தொங்கு மீசை, விரல் நிறைய மோதிரம் என்று திரிந்த மனிதர். குழந்தைகளுக்கு டிவி நிகழ்ச்சியும் நடத்தினார். அவருடைய மேடை உடைகளைப் பார்த்தால் அல்டின் கூனின் குதூகலம் எந்த வீட்டுப் பிள்ளை என்று புரியும்.

2021-இன் ‘யோல்’ ஆல்பத்தில் சிந்தசைசரும் டிரம் மெஷினுமாக எண்பதுகளுக்குத் தாவினார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. 2023-இன் ‘அஷ்க்’கை எல்லோரும் சேர்ந்து வாசித்து டேப்பில் பதிவு செய்தார்கள், பழைய சூடு திரும்பிவிட்டது. 2024-இல் மெர்வே விலகிவிட்டார். புதிதாகக் கேட்பவர்கள் ‘அஷ்க்’கில் ஆரம்பியுங்கள், அப்புறம் ‘கெஜே’.