அவள் பெயருக்கு மேலே ஓர் எழுத்து

பிப்ரவரி 11

போன் வரவில்லை.

பிப்ரவரி 12

என் வீட்டுக்காரர் மத்தியானத்தில் படுக்கவே மாட்டார். இன்று சாப்பிட்ட கையோடு தூங்கிவிட்டார். கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். கால் போன போக்கில் நடந்து, ரோமின் பழைய மதில் வாசலான போர்த்தா லத்தீனா பக்கம் இருக்கும் ஷிப்பியோனி பூங்காவில் போய் உட்கார்ந்தேன். நாய்களோடு வந்தவர்கள், தள்ளுவண்டியில் ஒரு குழந்தை, பைன் மரங்கள். நடுவில் ஒரு சின்னக் கட்டடம். தோட்டக்காரரின் அறை என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். அதற்குக் கீழே கல்லறை இருக்கிறதாம்.

போன் கையிலேயே இருந்தது.

பிப்ரவரி 13

இன்றிலிருந்து 21 வரை பழைய ரோமானியர்கள் முன்னோரை நினைக்கும் நாட்கள். பரென்டாலியா. கோவில்களைச் சாத்திவிடுவார்கள், கல்யாணம் வைக்க மாட்டார்கள். கல்லறையில் ஒரு மாலை, கொஞ்சம் தானியம், ஒரு சிட்டிகை உப்பு, ஒயினில் நனைத்த ரொட்டி, உதிரி வயலட் பூ. செத்தவர்களுக்கு அவ்வளவு போதும் என்றிருந்திருக்கிறார்கள்.

இதைப் போய் இன்றைக்கா படிக்க வேண்டும்?

பிப்ரவரி 14

கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

பிப்ரவரி 16

பூங்காவில் அந்தக் கட்டடத்துக்குக் கீழே இருக்கும் கல்லறையைப் பார்த்துவிட்டேன். முன்பதிவு செய்தவர்களுக்குத்தான் திறக்கிறார்கள். என்னோடு சேர்த்துச் சிலர்தான். படி செங்குத்தாக இறங்குகிறது, சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். இந்தப் படியில் அவரால் இறங்க முடியுமா என்றுதான் முதலில் தோன்றியது.

இந்த மாதிரிக் கல்லறைக்குக் கொலம்பாரியம் என்று பெயர், லத்தீனில் புறாக்கூண்டு. உள்ளே போனதும் புரிந்தது. சுவரெல்லாம் மாடம் மாடமாக, விளக்குப் பிறை அளவுக்கு. சாம்பல் பானைகள் வைக்கும் இடம். மாடப்புறா என்று எத்தனை தடவை சொல்லியிருப்போம்! மேலே வளைந்த கூரையில் கொடிகள், இன்னும் நிறம் போகவில்லை. 1831இல் கம்பானா என்பவர் கண்டுபிடித்தது. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களும் இங்கே இருக்கிறார்கள். அப்பாவின் அஸ்தியை மண்சட்டியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, அண்ணன் மடியில் வைத்துக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. சட்டி சூடாக இருக்கிறது என்றான். அந்தச் சூடு இருபது வருடமாக எனக்கும் இருக்கிறது, நான் தொடவே இல்லை என்றாலும்.

ஆனால் எழுத வந்தது அதை இல்லை.

படி முடியும் இடத்தில் ஒரு மொசைக். கழுகுத் தலையும் சிங்க உடலுமாக இரண்டு கிரிஃபின்கள், நடுவில் யாழ். அதற்கு மேலே இரண்டு பெயர்கள். பொம்போனியஸ் ஹைலாஸ், அவன் மனைவி பொம்போனியா விட்டாலினிஸ். அவள் பெயருக்கு மேல் தனியாக ஒரு ‘வி’. லத்தீனில் விவிட். உயிரோடிருக்கிறாள். அதாவது இந்தக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்தபோது அவள் இருந்தாள். இந்தப் படியில் இறங்கி வந்து தன் பெயரை அவளே பார்த்திருக்கலாம். அவன் பெயருக்கு மேல் எதுவும் இல்லை.

கூட வந்தவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். காவலாளி பொறுமையாகக் காத்திருந்தார்.

பிப்ரவரி 17

அவன் பெயருக்கு மேல் எதுவும் இல்லை.

பிப்ரவரி 18

அக்கா போனில் நாலு தடவை கேட்டுவிட்டாள். “என்னடி, ரிசல்ட் வந்துச்சா?” வந்தால் சொல்ல மாட்டேனா? கத்திவிட்டேன். அப்புறம் நானே கூப்பிட்டு அழுதேன்.

ராத்திரி தூக்கம் வராமல் அந்தக் கல்லறையையே நினைத்துக்கொண்டிருந்தேன். நகருக்குள் பிணத்தைப் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது என்று ரோமில் பழைய சட்டம், பன்னிரண்டு பலகைச் சட்டம். அதனால் எல்லாக் கல்லறையும் ஊருக்கு வெளியே சாலையோரம். பிறகு ஊர் பெருத்தது. கி.பி. 271இல் பேரரசன் ஆரேலியன் மதில் கட்டத் தொடங்கினான், இந்த இடம் மதிலுக்கு உள்ளே வந்துவிட்டது. வெளியே வைத்ததெல்லாம் உள்ளே. அதன் மேல்தான் இன்றைக்குக் குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள்.

விட்டாலினிஸ். விட்டா என்றால் உயிர். பெயரிலும் உயிர், பெயருக்கு மேலும் உயிர். எனக்கு அந்த எழுத்து வேண்டாம். அவர் பெயருக்கு மேல் போடுங்கள்.

பிப்ரவரி 20

அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பூங்கா வாசலிலிருந்து பெஞ்ச் வரை மூன்று இடத்தில் நின்றோம். வெயில் நன்றாக இருந்தது. ஷிப்பியோனி என்றால் ஸ்கிபியோ குடும்பம், அவர்கள் கல்லறையும் இந்தப் பூங்காவில்தான், அதில் இருந்த ஸ்கிபியோ பார்பாட்டஸின் கல்பெட்டி வத்திக்கானில் இருக்கிறது, இங்கே இருப்பது நகல் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். எல்லாம் தெரிந்துவைத்திருக்கிறார். கார்த்தேஜை வென்ற ஸ்கிபியோ இங்கே இல்லை, ஊரோடு கோபித்துக்கொண்டு லிட்டெர்னம் என்ற ஊருக்குப் போய் அங்கேயே செத்தான் என்றார்.

அப்போதுதான் ‘வி’ பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அவ செத்தப்புறம் அந்த எழுத்த எடுத்தாங்களா?”

“இல்லைங்க. அப்படியேதான் இருக்கு.”

“அப்ப சரி” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பும்போது இரண்டு இடத்தில்தான் நின்றோம்.

பிப்ரவரி 21

காலை 9.40. போன் வந்தது. போனில் சொல்ல மாட்டார்களாம். திங்கட்கிழமை 11 மணிக்கு இரண்டு பேரும் வர வேண்டும்.

இரண்டு பேரும் என்று ஏன் சொன்னார்கள்?

அவர் நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்.