கிரனடா நாட்குறிப்பு: ஒரு பட்டியல், ஒரு புயல்

ஜூன் 4, 2024, செயின்ட் ஜார்ஜஸ்

இன்டர்ன்ஷிப்பின் இரண்டாம் நாள். அப்பா போனில், "மக்ளே, அவ்வளவு தூரம் போயி எல்.ஐ.சி. ஏஜென்ட் வேலையா?" என்றார். குளச்சலிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போனவள், அங்கிருந்து கரீபியன் தீவுக்கு ஏன் போனாள் என்று அவருக்கு விளங்கவைக்க இருபது நிமிடம் ஆனது.

உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கோஸ்ட் என்று ஒரு மீனவர் காப்பீடு. 2019 ஜூலையில் கிரனடாவிலும் செயின்ட் லூசியாவிலும் தொடங்கியது. பாலிசி எடுப்பது மீனவர் இல்லை, அரசாங்கம். புயல் அடித்தால் பணம் அரசுக்கு வரும், அரசு அதைப் பிரித்துக் கொடுக்கும். யாருக்கு என்று தெரிய ஒரு பெயர்ப் பட்டியல் வேண்டும். அதில் இரண்டு முறை வந்த பெயர், விடுபட்ட பெயர், செத்துப்போனவர் பெயர் எல்லாம் சரிபார்ப்பது என் வேலை. முழுக்க முழுக்க எக்செல்.

ஜூன் 13

தப்பு செய்துவிட்டேன். ஒரே பெயர், ஒரே ஊர் என்று, கிரனடாவைச் சேர்ந்த சின்னத் தீவான கரியாகூவின் பட்டியலில் ஒரு வரியை நீக்கியிருந்தேன். இன்று தற்செயலாகத் தெரிந்தது: அது அப்பாவும் மகனும். மகன் பெயரைத் திரும்பச் சேர்த்தேன். இன்னும் எத்தனை மகன்களை அழித்தேனோ, முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

மீன் மார்க்கெட்டில் வேறு சிக்கல். யாரையும் பதிவுப் பெயர் சொல்லிக் கேட்டால் தெரியாது என்கிறார்கள். பட்டப்பெயர் சொன்னால்தான் ஆள் கிடைக்கிறார். எங்கள் ஊரும் அப்படித்தான். ஓகி வந்த 2017-ல் கடலில் காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். அப்போது நான் பள்ளி மாணவி.

ஐஸ் பெட்டியோடு மீன் விற்கும் ஒரு அம்மா, "என் பேரு இருக்கா?" என்று கேட்டார். தேடினேன், இல்லை. வியாபாரிகளுக்கும் மீன் வெட்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் திட்டம். ஆனால் படகும் லைசென்சும் உள்ளவர் எளிதில் பட்டியலுக்குள் வந்துவிடுகிறார். வெறும் கத்தியும் பலகையும் உள்ளவர் வருவதில்லை.

ஜூன் 20

மதியம் ஆயில் டவுன்: சீமைப்பலா, தேங்காய்ப் பால், உப்புக் கண்டம், எல்லாம் மஞ்சளில் வெந்தது. மஞ்சளை இங்கே 'சாஃப்ரன்' என்கிறார்கள். எனக்குக் குங்குமப்பூ நினைவு வந்து ஒரு நிமிடம் குழம்பினேன்.

சாப்பிட்டுக்கொண்டே மூத்தவர் ஒருவர் ஐவன் புயலின் கதை சொன்னார். 2004 செப்டம்பர். வீடுகளில் பத்தில் ஒன்பது சேதம். நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல இரு மடங்கு நஷ்டம். தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் வைத்திருக்கும் நாடு இது. அன்று விழுந்த ஜாதிக்காய் மரங்களுக்குப் பதிலாக நட்டது காய்க்கவே ஏழெட்டு வருடம். அந்தப் புயலுக்குப் பிறகுதான் கரீபிய அரசுகள் கூட்டாகச் சேர்ந்து 2007-ல் சி.சி.ஆர்.ஐ.எஃப். என்ற காப்பீட்டு நிதியைத் தொடங்கின. சேதத்தை யாரும் வந்து பார்க்க வேண்டியதில்லை. காற்றின் வேகத்தையும் புயல் போன பாதையையும் வைத்துக் ஒரு கணினி மாடல் நஷ்டத்தைக் கணக்கிடும். பாலிசியில் குறித்த அளவைத் தாண்டினால் 14 நாளில் பணம். பாராமெட்ரிக் என்று பெயர்.

ஜூன் 30

பெரில் புயல் வருகிறது. இன்று நான்காம் வகை (ஐந்துதான் உச்சம்). ஜூன் மாதத்தில் இவ்வளவு வலுவான அட்லாண்டிக் புயல் இதற்கு முன் பதிவானதில்லை. ஜன்னலுக்கு ஒட்டுப்பலகை அடித்தாயிற்று. பட்டியலைப் பென் டிரைவில் போட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அரிசி டப்பாவுக்குள் வைத்தேன். சிரிக்காதீர்கள்.

ஜூலை 2

நாங்கள் தப்பித்தோம். புயலின் கண் நேராகக் கரியாகூவில் ஏறியது. அரை மணி நேரத்தில் தீவு தரைமட்டம் என்றார் பிரதமர் டிக்கன் மிட்செல். அங்கே யாருக்கும் போன் போகவில்லை. அப்பாவுக்கு இரண்டு வார்த்தை அனுப்பினேன்: "சோமா இருக்கேன்." எங்கள் ஊர்ப் பேச்சில் சுகமாக என்று அர்த்தம்.

ஜூலை 11, கரியாகூ

படகில் வந்தோம். மலை பச்சையாக இல்லை, பழுப்பு. இலை என்று எதுவுமே மிஞ்சவில்லை. டிரெல் விரிகுடாவின் அலையாத்திக் காட்டுக்குள் பாதுகாப்பாக இருக்கும் என்று கட்டிவைத்த படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.

இதற்கு மேல் இன்று எழுத வரவில்லை.

ஜூலை 22

பணம் வந்துவிட்டது. அரசின் புயல் பாலிசிக்கு மட்டும் 4.24 கோடி அமெரிக்க டாலர், சி.சி.ஆர்.ஐ.எஃப். அதுவரை ஒரே பாலிசிக்குக் கொடுத்ததில் மிகப் பெரியது. மீனவர் பாலிசிக்கும் வந்திருக்கிறது, அதோடு ஒப்பிட்டால் சிறு தொகை.

இதே பெரில் ஜமைக்காவின் தெற்குக் கரையை உரசிப் போனது. அங்கே உலக வங்கி மூலம் வெளியிட்ட 15 கோடி டாலர் பேரிடர்ப் பத்திரத்திலிருந்து (இதுவும் ஒரு வகைப் புயல் காப்பீடுதான்) ஒரு டாலர்கூட வரவில்லை. புயலின் மையத்தில் காற்றழுத்தம், பத்திரத்தில் குறித்த எல்லைவரை இறங்கவில்லையாம். கூரை போனவரிடம் போய் மில்லிபார் கணக்கு எப்படிச் சொல்வது? விதியைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அதை நேரில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் இல்லை என்பதில் வெட்கப்படும்படி ஒரு நிம்மதி.

ஆகஸ்ட் 9

செயற்கைக்கோள், கணினி மாடல், 14 நாள் எல்லாம் முடிந்தது. இனி ஆள் தேடும் வேலை. கரியாகூக்காரர்கள் பலர் பெரிய தீவில் உறவினர் வீட்டில் இருக்கிறார்கள். முகவரி மாறிவிட்டது, அடையாள அட்டை காற்றோடு போய்விட்டது.

காலையில் வந்தவரைப் பார்த்ததும் பெயரைச் சொன்னேன். நான் அழித்துத் திரும்ப எழுதிய அந்த மகன். அப்பாவும் சோமாக இருக்கிறாராம், படகுதான் இல்லை. நான் செய்த காரியத்தை அவரிடம் சொன்னேன். சிரித்தார். "ரெண்டு பேரையும் சேர்த்தே எல்லாரும் குழப்பிக்குவாங்க, அதுக்குத்தானே பட்டப்பெயர்," என்றார்.

மத்தியானம் எக்செல் கோப்பில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்தேன்: 'ஊரார் அழைக்கும் பெயர்'. ஐஸ் பெட்டி அம்மாவுடையதைக் கேட்க நாளை மார்க்கெட்டுக்குப் போகிறேன்.